கையெழுத்துப் போட்டவர், போடாதவர்: நடுவர் ஷரத்து யாரைக் கட்டும்?

போன வைகாசியில் மதுரை செல்லூரிலிருந்து ஒரு அக்கா பழுப்புக் கவரோடு எங்கள் வக்கீல் ஆபீஸுக்கு வந்தார். கொழுந்தன் லோடு ஆட்டோ வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தவணை நின்றுபோனது. சென்னையிலிருந்து பதிவுத் தபாலில் ஆர்பிட்ரேட்டர், அதாவது நடுவர், முன்னால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ். "கடன் வாங்குனது அவன். நான் சும்மா கையெழுத்துதானே தம்பி போட்டேன், என்னை எதுக்குக் கூப்பிடுறாங்க?" என்றார்.

அதே வாரம் கீழமாசி வீதியில் பருப்பு மண்டி வைத்திருந்தவரின் மகன் வந்தார். அவருக்கு நேர் எதிர்க் குழப்பம். "கூட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டது எங்கப்பாண்ணே. அவர் தவறிட்டார். நான் ஒரு தாள்லயும் கையெழுத்துப் போடல. நடுவர்கிட்ட போகணும்னு அப்பாவோட பாகஸ்தர் சொல்றது என்னை எப்படிக் கட்டும்?"

இரண்டு பேரையும் கட்டும். சொன்னபோது இரண்டு பேருமே நம்பவில்லை. போட்டவருக்குத் தன் கையெழுத்தின் எடை தெரியவில்லை. போடாதவருக்கு அப்பாவின் கையெழுத்து எவ்வளவு தூரம் நீளும் என்று தெரியவில்லை. இப்படி வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. மாவட்டக் கோர்ட்டுக்கும், 2004-ல் ஒத்தக்கடை பக்கம் திறந்த உயர் நீதிமன்றக் கிளைக்கும் கட்டுத் தூக்கி அலைந்ததில் கற்றது இது. உங்கள் கவரில் இருக்கும் தாளைப் படித்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் வக்கீல்தான். அவரிடம் போவதற்கு முன் நீங்களே என்ன பார்த்துவைக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆர்பிட்ரேஷன் என்றால், கோர்ட்டுக்குப் போகாமல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு நடுவரிடம் வழக்கைக் கொடுத்து அவர் சொல்வதே தீர்ப்பு என்று ஏற்பது. சமரசப் பேச்சு வேறு. அங்கே உங்களுக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். லோக் அதாலத்திலும் இரு தரப்பும் ஒத்துப்போனால்தான் முடிவு. நடுவர் அப்படியில்லை. நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் தீர்ப்பு எழுதுவார். அந்தத் தீர்ப்பை, நம்ம பக்கம் அவார்டு என்பார்கள், கோர்ட் டிக்ரி மாதிரியே நிறைவேற்றலாம். எல்லாம் 1996-ஆம் வருஷத்து நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின்படி நடக்கிறது. 2015, 2019, 2021 என்று மூன்று முறை திருத்தியிருக்கிறார்கள். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு யாராவது சட்டம் பேசினால் எந்த வருஷத்துப் பதிப்பு என்று கேளுங்கள்.

படி 1: ஷரத்து இருக்கிறதா என்று தேடுங்கள்

தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும் பத்திதான் நடுவர் ஷரத்து. கடன் ஒப்பந்தத்தில் இது முதல் பக்கத்தில் இருக்காது. பின்பக்கங்களில், பொடி எழுத்தில், 'தகராறுகள்' என்றோ 'அதிகார வரம்பு' என்றோ தலைப்பிட்ட பத்திக்குள் இருக்கும். கூட்டுப் பத்திரத்தில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின ஷரத்து. கட்டட ஒப்பந்தம், ஏஜென்சி ஒப்பந்தம், சரக்கு ஆர்டர் எல்லாவற்றிலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

சட்டத்தின் 7-ஆம் பிரிவு கேட்பது ஒன்றே ஒன்று: எழுத்தில் இருக்க வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் என்று நினைக்காதீர்கள். இரு தரப்பும் மாற்றிக்கொண்ட கடிதங்கள் போதும். 2015 திருத்தத்துக்குப் பிறகு மின்னணுத் தகவலும் அதில் சேர்த்தி. இன்னொரு வழியும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எதிர்த்தரப்பு தன் கோரிக்கை மனுவில் 'நமக்குள் நடுவர் ஒப்பந்தம் இருக்கிறது' என்று எழுதி, நீங்கள் பதில் மனுவில் அதை மறுக்காமல் விட்டால், அதுவே எழுத்து மூலமான ஒப்பந்தமாகிவிடும். வாயை மூடிக்கொண்டிருந்ததே கையெழுத்தாகிவிடுகிறது.

முத்திரைத் தீர்வை கட்டாத பத்திரம் செல்லாது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அப்படித்தான் சொன்னார்கள். அதே வருஷம் டிசம்பர் 13-ல் 7 நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். தீர்வைக் குறைபாடு பின்னால் சரிசெய்யக்கூடியது, அதற்காக நடுவர் ஒப்பந்தம் செத்துப்போகாது.

பஞ்சாயத்து பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சொன்ன முடிவு இந்தச் சட்டத்தின்படி அவார்டு ஆகுமா? வாய்ப்பேச்சில் கூடி வாய்ப்பேச்சில் கலைந்திருந்தால் ஆகாது. ஆனால் அந்தக் காலத்தில் 'நீங்கள் நாலு பேர் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்' என்று இரு தரப்பும் முச்சலிக்கா எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் பஞ்சாயத்தைத் தொடங்குவார்கள். அப்படி ஒரு தாள் இருந்தால் விஷயம் வேறு. அதை வக்கீலிடம் காட்டாமல் மடித்து வைத்துவிடாதீர்கள்.

அப்புறம் வார்த்தை. 'நடுவர் மூலம் தீர்க்கப்பட வேண்டும்' என்றிருந்தால் கட்டும். 'இரு தரப்பும் விரும்பினால் நடுவரிடம் போகலாம்' என்றிருந்தால் அது வெறும் யோசனை. தகராறு வந்த பிறகு மறுபடியும் இருவரும் சம்மதிக்க வேண்டும். 2007-லேயே உச்ச நீதிமன்றம் ஜகதீஷ் சந்தர் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. 'வேண்டும்' என்பதற்கும் 'லாம்' என்பதற்கும் இடையில் ஒரு வழக்கே ஓடும்.

படி 2: கையெழுத்துப் போட்டவர் யாராகப் போட்டார்?

கையெழுத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, என்ன ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கிறது என்று பாருங்கள். ஆள் ஒருவரே. எந்தத் தொப்பியோடு போட்டார் என்பதைப் பொறுத்து மாட்டுகிறவர் மாறுவார்.

தனி உரிமையாளர் கடை என்றால் கடை வேறு ஆள் வேறு கிடையாது. கடைப் பெயரில் போட்டாலும் அவரையே கட்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்காக டைரக்டர் போட்டிருந்தால் கம்பெனியைக் கட்டும், டைரக்டரைத் தனிப்பட்ட முறையில் கட்டாது. ஆனால் கடன் கொடுப்பவர்கள் விவரமானவர்கள். அதே டைரக்டரிடம் இரண்டாவதாக ஒரு கையெழுத்தை, ஜாமீன்தாரர் என்ற இடத்தில் வாங்கியிருப்பார்கள். அதைத் தேடிப் பாருங்கள். முகவராகப் போட்டவரையும் பொதுவாகக் கட்டாது, அவர் யாருக்காகப் போட்டாரோ அவரைக் கட்டும். பவர் பத்திரத்தில் அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

கூட்டு வியாபாரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு பாகஸ்தர் கடைக்குச் சரக்கு வாங்கினால் எல்லாரையும் கட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூட்டின் தகராறை நடுவரிடம் விடுவதற்கு ஒரு பாகஸ்தருக்குத் தானாக அதிகாரம் கிடையாது. 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அந்தத் தொழிலில் வேறு வழக்கம் இல்லாத வரை, இதை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. மற்ற பாகஸ்தர்கள் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். 'அண்ணன் போட்டுட்டார், அதனால் நாங்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டோம்' என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் கூட்டுப் பத்திரத்தில் அண்ணனுக்கு என்ன அதிகாரம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். கூட்டைப் பதிவு செய்யவில்லையே என்பது இன்னொரு பயம். பதிவு செய்யாத கூட்டு வெளியாள்மேல் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்பது சரி. அந்தத் தடை நடுவர் விசாரணைக்குப் பொருந்தாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

செல்லூர் அக்காவின் கதைக்கு வருகிறேன். அவர் போட்டது கடன் ஒப்பந்தத்திலேயே, ஜாமீன்தாரர் என்ற கட்டத்தில். பக்கத்துக்குப் பக்கம் சின்னக் கையெழுத்தும் இருந்தது. அதனால் ஷரத்து அவரையும் சேர்த்தே கட்டுகிறது. ஜாமீன் பத்திரம் தனித்தாளாக இருந்து, அதில் நடுவர் பேச்சே இல்லாமல் இருந்திருந்தால் வாதாட இடம் இருந்திருக்கும். தாளைப் பார்க்காமல் 'ஜாமீன்தானே' என்று யார் சொன்னாலும், தைரியம் சொன்னாலும் பயம் காட்டினாலும், கேட்காதீர்கள். மைனர் பிள்ளை பெயரில் போட்ட ஒப்பந்தம் மட்டும் அடிப்படையிலேயே செல்லாது, அதில் இருக்கும் நடுவர் ஷரத்துக்கும் அதே கதிதான்.

படி 3: கையெழுத்தே போடாதவர்கள்

மண்டிக்காரர் மகனைப் போல வருகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

வாரிசுகள். சட்டத்தின் 40-ஆம் பிரிவு சுற்றி வளைக்காமல் சொல்கிறது: ஒரு தரப்பு இறந்துபோனதால் நடுவர் ஒப்பந்தம் முடிந்துவிடாது. சட்டப்படியான பிரதிநிதி அதை அமல்படுத்தலாம், அவர்மேலும் அமல்படுத்தலாம். பிரதிநிதி என்றால் வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ளவர் மட்டும் என்று எண்ண வேண்டாம். இறந்தவரின் சொத்தில் கைவைத்து நிர்வாகம் பார்க்கிறவரும் அந்தச் சொல்லுக்குள் வருவார் என்று 2-ஆம் பிரிவு விளக்குகிறது. அப்பா போன மறுநாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து வரவு வாங்கிக்கொண்டிருக்கும் தம்பி 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்ல முடியாது. 2025 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் ஒரு கூட்டுப் பத்திர வழக்கில், இறந்த பாகஸ்தரின் வாரிசுகளுக்கும் நடுவர் ஷரத்து செல்லும் என்று உறுதிப்படுத்தியது.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. வாரிசாக நிற்கிறவரின் பொறுப்பு, இறந்தவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை அப்பாவின் கணக்குக்காக எடுக்க முடியாது. அதனால் எது அப்பா சொத்து, எது உங்கள் சொத்து என்ற பட்டியலை இப்போதே எழுதிவையுங்கள். ஷரத்து வாரிசுக்கு இடைஞ்சல் மட்டும் செய்யும் என்றும் நினைக்க வேண்டாம். மண்டிக்காரர் மகனுக்கு அப்பாவின் பங்குக் கணக்கு வரவேண்டியிருந்தது. பாகஸ்தர் பேரேட்டைக் காட்ட மறுத்துக்கொண்டிருந்தார். அதே ஷரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மகனே நடுவரைக் கேட்கலாம் என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

ஒருவர் மூலமாக உரிமை கோருகிறவர்கள். ஒப்பந்தத்தில் ஒருவருக்கு இருந்த உரிமையை நீங்கள் எழுதி வாங்கிக்கொண்டால், அதோடு ஒட்டிக்கொண்டு ஷரத்தும் வரும். பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கொட்டையைக் கடைக்காரரிடம் விட்டுவர முடியாது. 'தரப்பினர், அல்லது அவர் மூலமாகவோ அவருக்குக் கீழாகவோ உரிமை கோருபவர்' என்று 8-ஆம் பிரிவில் 2015-ல் சேர்த்திருக்கிறார்கள். அவார்டும் அப்படிப்பட்டவர்களைக் கட்டும் என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது.

ஒரே குடும்பத்துக் கம்பெனிகள். கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் போட்டது தயாரிப்புக் கம்பெனி. சரக்கு அனுப்பியதும் பணம் வாங்கியதும் விலை பேசியதும் அதே முதலாளி நடத்தும் இன்னொரு விற்பனைக் கம்பெனி. தகராறு வந்ததும் இரண்டாவது கம்பெனி 'நான் கையெழுத்தே போடவில்லையே' என்கிறது. எடுபடுமா?

2012-ல் குளோரோ கண்ட்ரோல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கையெழுத்துப் போடாத குழுமக் கம்பெனிகளையும் நடுவரிடம் அனுப்பியது. அதன்மேல் சந்தேகங்கள் கிளம்பி, 2023 டிசம்பர் 6-ல் காக்ஸ் அண்ட் கிங்ஸ் வழக்கில் 5 நீதிபதிகள் விளக்கம் கொடுத்தார்கள். கையெழுத்து இல்லாவிட்டாலும் ஒருவர் நடுவர் ஒப்பந்தத்தின் தரப்பாக முடியும். ஆனால் ஒரே முதலாளி, ஒரே முகவரி என்பது மட்டும் போதாது. கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் இருந்ததா என்பதை அவர்கள் நடந்துகொண்ட விதத்திலிருந்து பார்க்க வேண்டும். கம்பெனிகளுக்குள் உள்ள உறவு, விஷயம் ஒன்றேதானா, ஒப்பந்தங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவா, அந்த ஆள் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதில் எவ்வளவு கைகொடுத்தார் என்பவை எல்லாம் அதற்கான அடையாளங்கள். 2025 மே மாதம் வந்த இன்னொரு தீர்ப்பில், இப்படிக் கையெழுத்துப் போடாதவரை வழக்கில் சேர்க்கும் அதிகாரம் நடுவருக்கே உண்டு என்றும் சொல்லிவிட்டார்கள்.

எனவே வியாபாரிகள் சேர்த்துவைக்க வேண்டியது பில், இ-வே பில், வங்கிக் கணக்குத் தாள், வாட்ஸப் பேச்சு. யார் பெயரில் பணம் போனது, யாருடைய லாரியில் சரக்கு வந்தது என்பது பத்திரத்தை விடச் சத்தமாகப் பேசும்.

துணை ஒப்பந்தக்காரர். ரோடு வேலையோ கட்டட வேலையோ பெரிய காண்டிராக்டர் எடுத்து அதில் ஒரு துண்டை உங்களிடம் கொடுத்திருக்கிறார். உங்கள் வேலை ஆர்டரில் 'மூல ஒப்பந்த நிபந்தனைகள் பொருந்தும்' என்று ஒரு வரி. மூல ஒப்பந்தத்தில் இருக்கும் நடுவர் ஷரத்து உங்களிடம் வந்துவிட்டதா? வராது. 2009-ல் எம்.ஆர். இன்ஜினியர்ஸ் வழக்கில் சொன்னபடி, பொதுவாகச் சுட்டினால் வேலை சம்பந்தமான நிபந்தனைகள்தான் வரும். நடுவர் ஷரத்தும் வரவேண்டுமானால் அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வியாபாரச் சங்கங்களின் அச்சடித்த பொது நிபந்தனைகளைச் சுட்டியிருந்தால் மட்டும் கணக்கு வேறு.

படி 4: தகராறு நடுவரிடம் போகக்கூடிய வகையா?

ஆள் கட்டுப்பட்டாலும் விஷயம் கட்டுப்படாமல் இருக்கலாம். கிரிமினல் குற்றம், விவாகரத்து, குழந்தையின் காப்பாளர் பொறுப்பு, உயில் மெய்ப்பித்தல், திவால் இதெல்லாம் நடுவரிடம் போகாது. வீட்டு வாடகையில், தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்துச் சட்டப்படி வாடகை நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய வெளியேற்ற வழக்கு அங்கேதான் போக வேண்டும். அப்படித் தனிச் சட்டம் தொடாத குத்தகைத் தகராறு போகலாம் என்பது 2020-ல் வித்யா துரோலியா வழக்கில் சொன்ன கணக்கு. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய ஃபிளாட்டோ ஃபிரிட்ஜோ என்றால், ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

'கூட்டாளி மோசடி பண்ணிட்டான், அதனால கோர்ட்டுதான்' என்பவர்கள் ஒரு நம்மூர்ப் பக்கத்துத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருநெல்வேலியில் ஹோட்டல் நடத்திய ஒரு குடும்பக் கூட்டில் வந்த சண்டை. கீழ்க் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் மோசடிப் புகாரை நடுவரிடம் அனுப்ப மறுத்தன. 2016-ல் அய்யாசாமி எதிர் பரமசிவம் என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கணக்கில் கைவைத்தான் என்பது மாதிரி, தரப்பினருக்குள்ளேயே அடங்கும் சாதாரண மோசடிப் புகாரை நடுவரே விசாரிக்கலாம். ஒப்பந்தத்தையே அரித்துவிடும் அளவுக்குத் தீவிரமான, சிக்கலான மோசடிதான் கோர்ட்டில் நிற்கும். பங்காளிச் சண்டையில் மோசடி என்ற வார்த்தை வராத புகார் மனுவை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த வார்த்தை ஒன்றே போதுமென்றால் குடும்பக் கூட்டு எதுவும் நடுவர் வாசலை மிதிக்காது.

படி 5: நோட்டீஸ் வந்துவிட்டது

தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள். 'வீடு பூட்டியிருக்கு' என்று தபால்காரரிடம் சொல்லித் தப்பிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. 3-ஆம் பிரிவின்படி வீட்டு முகவரியில் கொடுத்தாலே வந்துசேர்ந்ததாகக் கணக்கு. ஆளைத் தேடியும் கிடைக்காவிட்டால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினால் போதும். நீங்கள் போகாவிட்டால் 25-ஆம் பிரிவின்படி நடுவர் உங்கள் பக்கம் கேட்காமலே விசாரித்து அவார்டு எழுதலாம்.

அடுத்து, நடுவரை யார் நியமித்தது என்று பாருங்கள். கடன் கொடுத்த கம்பெனியே தன்னிச்சையாக ஒருவரை ஒற்றை நடுவராக நியமித்திருந்தால், 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்குத் தீர்ப்புப்படி அந்த நியமனம் நிற்காது. வழக்கின் முடிவில் லாபநஷ்டம் உள்ளவர் தானே நடுவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு: தகராறு வந்த பிறகு நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் செல்லும். இங்கேதான் பல பேர் வழுக்குகிறார்கள். தவணை நின்றதும் வசூல் ஆள் வீட்டுக்கு வந்து, 'இது சும்மா ஃபார்மாலிட்டிதான்' என்று ஒரு தாளை நீட்டுவார். வாங்கிப் படியுங்கள், நகல் கேளுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

'இந்த ஷரத்து என்னைக் கட்டாது', 'இந்த நடுவருக்கு அதிகாரம் இல்லை' என்ற ஆட்சேபத்தை முதலில் அந்த நடுவரிடமே எழுப்ப வேண்டும், அதுவும் பதில் மனு தாக்கல் செய்வதற்குள். 16-ஆம் பிரிவு அப்படித்தான் கேட்கிறது. நடுவர் நியமனத்தில் நீங்கள் கலந்துகொண்டிருந்தாலும் இந்த ஆட்சேபம் போய்விடாது. எதுவுமே சொல்லாமல் விசாரணை முழுக்க உட்கார்ந்துவிட்டு அவார்டு எதிராக வந்ததும் கத்துவதில் பிரயோசனம் குறைவு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஷரத்து இருந்தும் எதிராளி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார், நீங்கள் நடுவரிடம் போக விரும்புகிறீர்கள் என்றால் 8-ஆம் பிரிவு மனு. வழக்கின் சாரத்துக்குப் பதில் சொல்லும் முதல் மனுவுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும், அசல் பத்திரமோ சான்றிட்ட நகலோ சேர்த்து. எதிர்வாதத்தை விலாவாரியாக எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து ஷரத்தை நினைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஒரு வழக்கில் இப்படிப் பிசகியது எங்கள் ஆபீஸிலேயே. அசல் கூட்டுப் பத்திரம் ஆடிட்டரிடம் இருந்தது, தேடி எடுப்பதற்குள் நாள் கடந்துவிட்டது.

எங்கே போவது? நடுவர் பெயரில் இரு தரப்பும் ஒத்துவராமல் நோட்டீஸ் கிடைத்து 30 நாள் கடந்துவிட்டால், 11-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். நம் மாவட்டங்களுக்கு அது மதுரைக் கிளை. வண்டியைப் பிடிக்காமல் தடுக்க, சொத்தை விற்காமல் நிறுத்த 9-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம். 3 லட்ச ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறு என்றால் வணிக நீதிமன்றம். விசாரணைக்கு முன்பே அந்த உத்தரவை வாங்கினால் 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கிவிட வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் நடுவர் விசாரணையின் இருக்கை, அதாவது சட்டப்படி அது நடப்பதாகக் கொள்ளும் ஊர், சென்னை என்று எழுதியிருந்தால் இதெல்லாம் சென்னைக்குப் போய்விடும், அவார்டை எதிர்ப்பதும் சேர்த்து. மாட்டுத்தாவணியில் பஸ் ஏற வேண்டியதுதான்.

அவார்டு வந்துவிட்டதா? கையெழுத்திட்ட பிரதி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் 34-ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள் தள்ளினாலும் கோர்ட்டால் மன்னிக்க முடியாது. அப்புறம் எதிர்த்தரப்பு இ.பி., அதாவது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு, போட்டு ஜப்திக்கு வருவார்கள்.

படி 6: இனிமேல் எழுதப்போகும் பத்திரம்

இரண்டு லட்ச ரூபாய்க் கூட்டுக்கு நடுவர் ஷரத்து வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ள மாதிரிக் கட்டணப்படி 5 லட்சம் வரையான வழக்குக்கு நடுவர் கட்டணம் 45,000 ரூபாய். ஒற்றை நடுவர் என்றால் அதற்கு மேல் 25 சதவீதம், ஆக 56,250. வக்கீல் செலவு தனி. தொகை பெரிதாக, கணக்கு சிக்கலாக, சீக்கிரம் முடிய வேண்டும் என்றிருந்தால் எழுதுங்கள். மனுக்கள் முடிந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் அவார்டு வர வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் 6 மாதம், அதற்கு மேல் கோர்ட் அனுமதி.

எழுதுவதானால் பத்திர எழுத்தர் வைத்திருக்கும் பழைய மாதிரியை அப்படியே நகலெடுக்க விடாதீர்கள். கூட்டுப் பத்திரத்துக்கு நான் காட்டும் மாதிரி இது, உங்கள் வக்கீல் திருத்தட்டும்:

"இக்கூட்டு தொடர்பாக எழும் எல்லாத் தகராறுகளும், கூட்டு கலைந்த பின் எழும் கணக்குத் தகராறுகள் உட்பட, பாகஸ்தர்கள் யாவரும் எழுத்து மூலம் சம்மதித்து நியமிக்கும் ஒரு நடுவரால் தீர்க்கப்பட வேண்டும். இந்த ஷரத்தும் நடுவரின் தீர்ப்பும் பாகஸ்தர்களையும் அவர்களது வாரிசுகளையும் அவர்களிடமிருந்து உரிமை பெற்றவர்களையும் கட்டுப்படுத்தும். நடுவர் விசாரணையின் இருக்கை மதுரை. விசாரணை மொழி தமிழ்."

மொழியைத் தரப்பினரே முடிவு செய்துகொள்ள 22-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பேரேடு தமிழில், சாட்சி தமிழில் என்றிருக்கும்போது விசாரணையை ஏன் இங்கிலீஷில் நடத்த வேண்டும்? நடுவர் ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் மூன்று என்று போடுங்கள். இரட்டைப்படை கூடாது.

வக்கீலைப் பார்க்க வரும்போது ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் பக்கத்தை மட்டுமல்ல. வாரிசு என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அப்பாவின் கடைசி வருஷ ஐந்தொகை. ஜாமீன்தாரர் என்றால் தவணை கட்டிய ரசீதுகள். அப்புறம் நோட்டீஸ் வந்த கவர். செல்லூர் அக்கா உள்ளே இருந்த தாளை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுக் கவரை அடுப்பில் போடப் போனாராம், மகள் தடுத்திருக்கிறாள். கெடு எல்லாம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. அந்த நாள் எது என்று காட்டத் தபால் முத்திரை அந்தக் கவரின் மேல்தான் இருந்தது.